பார்க்காமல் எழுதிய ஏழு எண்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் வட்டாரப் பொறியாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த நம் ஃபோர்மேன் ஐயாவின் துணைவியாரே, அவருடைய மகளே, துணைமின்நிலையத்தின் மூன்று ஷிஃப்டிலிருந்தும் வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, பட்டறையைப் பூட்டிவிட்டுக் கடைசித் தெருவிலிருந்து நடந்தே வந்திருக்கும் தச்சர் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். அவர் நேர்மையானவர் என்றார்கள். உண்மை. உழைப்பாளி என்றார்கள். உண்மை. சங்கத் தலைவர் பேசும்போது, "ஒரே ஒரு சறுக்கலைத் தவிர, முப்பத்தெட்டு வருஷம் அப்பழுக்கில்லாத பணி" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த வார்த்தை வந்தபோது ஃபோர்மேன் ஐயாவின் மகள் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

அந்தச் சறுக்கலைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அவர் பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் கிடக்கும் அந்த வரி பொய். அது யாருடைய தப்பு என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் போய்விட்டார். இனி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆகிவிடக் கூடாது. அதனால் பேசுகிறேன்.

அவருக்கு ஊர் வைத்த பேர் "அஞ்சு நிமிஷம்". இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம். நம் நிலையத்தில் கிழக்கு மூலையில் கம்பி வேலிக்குள் பன்னிரண்டு தகரப் பெட்டிகள் நிற்கின்றனவே, கெப்பாசிட்டர்கள், அவற்றைப் பராமரிப்புக்காக நிறுத்தினால் உடனே உள்ளே போகக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் அந்தப் பெட்டிகள் வாங்கிய மின்சாரத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே இருக்கும். அது தானாக வடியவேண்டும். ஐந்து நிமிடம். அதன் பிறகும் நீளக் கோலால் ஒவ்வொன்றையும் தரையோடு தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். மற்ற இடங்களில் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுவார்கள். இவர் வேலிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வார். மேலதிகாரி வந்தாலும் அதே பதில்: "அஞ்சு நிமிஷம் சார்."

ஒருமுறை பெரிய பொறியாளர் அவசரமாக வந்தார். "யோவ், நான் கையெழுத்துப் போட்ட வேலைக்கு நீ என்னைய நிக்க வெக்கிறியா?" என்றார். "உங்க கையெழுத்து பெட்டிக்கு இன்னும் போய்ச் சேரலை சார், அஞ்சு நிமிஷத்துல சேந்துடும்" என்றார் இவர். அந்தப் பொறியாளரும் சிரித்துவிட்டார்.

அந்த ஐந்து நிமிடத்தில் சும்மா நிற்பது அவருக்குப் பிடிக்காது. அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கூட இருப்பவர்களில் யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒரு கேள்விதான். லைன்மேன் கேட்கலாம், வாட்ச்மேன் கேட்கலாம், கூட்டுகிறவள் கேட்கலாம். நான் அப்போது கூட்டுகிறவள். ஒப்பந்தத் தொழிலாளி. அவரைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பார். "அக்கா, இன்னைக்கு உங்க முறை" என்று சொல்லிவிட்டால் தப்பிக்க முடியாது.

நான் கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தகர டப்பாவுக்குள்ள என்னதான் இருக்கு?" அவர் வாயால் பதில் சொல்லவில்லை. கெட்டுப்போய் ஒதுக்கிய ஒரு பெட்டியை மறுநாள் கையுறை போட்டுப் பிரித்துக் காட்டினார். பாயைச் சுருட்டி வைத்தாற்போல வெள்ளித்தாளும் பிளாஸ்டிக் தாளும் மாறி மாறிச் சுருட்டி அடைத்திருந்தது. சக்கரம் இல்லை, சுருள் கம்பி இல்லை, அசைவதற்கென்று ஒன்றுமே இல்லை. "இவ்வளவுதானா?" என்றேன். "இவ்வளவேதான். இதை வெச்சு எப்படிக் கடைசித் தெரு பல்பு பிரகாசமா எரியுதுன்னு அடுத்த முறை கேளுங்க" என்றார். அடுத்த முறை வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் எனக்கு அதே யோசனை.

அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை இங்கே சொல்லவேண்டும். ஏனென்றால் பிறகு நடந்தது அதை வைத்துத்தான் புரியும்.

மோட்டாருக்கு இரண்டு வகை வேண்டும் என்றார். ஒன்று, உழைக்கும் மின்சாரம். அது சுற்றும், அறுக்கும், தண்ணீர் இறைக்கும், செலவாகிவிடும். இன்னொன்று, மோட்டாருக்குள்ளே காந்தம் உண்டாக்குவதற்கு மட்டும். அது செலவாவதில்லை. வரும், திரும்பிப் போகும், மறுபடி வரும். "இரவல் ஏணி மாதிரி அக்கா" என்றார். "சுவரு பூசறவனுக்கு ஏணி வேணும். ஏணி தேஞ்சு போறதில்லை, வேலை முடிஞ்சா திருப்பிக் குடுத்துடறான். ஆனா ஒவ்வொரு தடவையும் ஊருக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஏணியைத் தூக்கிட்டு வந்தா தெரு என்ன ஆகும்? ஏணி போறதும் வர்றதுமா அடைஞ்சு போகும். மத்தவன் நடக்க முடியாது. நம்ம லைன்ல அதுதான் நடக்குது. இந்த டப்பா என்ன செய்யுதுன்னா, பக்கத்து வீட்டுலயே ஒரு ஏணியை வெச்சிடுது. தெரு காலியாயிடுது."

பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு நான் வெளியே வந்ததற்குக் கணக்கு ஒரு காரணம். ஆனால் அன்றைக்கு எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. முறை முடிந்தும் கேட்டுவிட்டேன். "சரி, யாருக்குமே ஏணி வேண்டாத நாள்ல? மில்லு லீவு, பட்டறை லீவு, மோட்டாரு எல்லாம் நின்னுபோச்சு. அப்ப அந்த ஏணி என்ன ஆகும்?"

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யாராவது நல்ல கேள்வி கேட்டால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கழற்றினார். "அக்கா, ரெண்டாவது கேள்வி கேட்டதுக்கு அபராதமா வேலையை மாத்தறேன்" என்றார். "யாருக்கும் வேணாத நாள்ல அது தெருவுல நின்னு இடைஞ்சல் பண்ணும். வோல்டேஜ் மேல ஏறிடும். பல்பு எரிஞ்சு போகும். அன்னைக்கு அதைக் கழட்டி உள்ள வெக்கணும். அதுக்கு ஒருத்தர் மணிக்கு ஒருதரம் மீட்டர் முள்ளைப் பார்க்கணும். நாளையிலேருந்து நீங்க பாருங்க."

இப்படித்தான் நான் துடைப்பத்தை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். ஒப்பந்தக்காரரிடம் அவர் எத்தனை முறை நடந்தார் என்று எனக்குத் தெரியும். எண் படிக்கத் தெரியும், மணி பார்க்கத் தெரியும், வேறென்ன வேண்டும் என்று சண்டை போட்டார். மீட்டர் அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு நீளப் புத்தகம். மணிக்கு ஒருமுறை முள்ளைப் பார்த்து எண்ணை எழுதவேண்டும். பதினொன்று என்றால் பதினோராயிரம் வோல்ட், அதுதான் சரியான அளவு. பதினொன்றரையைத் தாண்டினால் அவருக்குப் போன் செய்யவேண்டும். அவர் வந்து பெட்டிகளை லைனிலிருந்து பிரித்துவிடுவார்.

அந்தப் பன்னிரண்டு பெட்டிகள் வருவதற்கு முன்னால் கடைசித் தெரு எப்படி இருந்தது? தச்சர் அவர்கள் இங்கே இருக்கிறார், அவரையே கேளுங்கள். பல்பு எரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்க வேண்டும். ரம்பத்துக்கு மோட்டார் போட்டால் அது முனகும், சுற்றாது. "எங்க தெருவுக்கு வந்து சேர்றதுக்குள்ள கரண்டு கெழவனாயிடுது" என்று நிலையத்து வாசலில் வந்து இவர்தான் சொன்னார். ஃபோர்மேன் ஐயா கோபப்படவில்லை. சைக்கிளில் ஏறி அவர் பின்னாலேயே போனார். வீடு வீடாக மீட்டரை வைத்துப் பார்த்தார். இருநூற்று முப்பது இருக்கவேண்டிய இடத்தில் நூற்று அறுபது. திரும்பி வந்து பெட்டிகள் கேட்டுக் கடிதம் எழுதினார். ஒன்று இல்லை, பதினாலு கடிதம். பதினைந்தாவது எழுதுவதற்கு முன்னால் கிடங்கில் போய்த் தேடினார். நம்முடைய கிடங்கிலேயே, இரண்டு வருஷமாகப் பெட்டி பிரிக்காமல், மேலே சாக்குப் போட்டு மூடி, பன்னிரண்டும் கிடந்தன! யாரோ வாங்கியிருக்கிறார்கள், யாருக்கும் என்னவென்று தெரியவில்லை. வாட்ச்மேன் அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டிகளை மாட்டிய மறுநாள் கடைசித் தெருவில் இருநூற்றுப் பத்து. தச்சர் ரம்பம் பாடியது. இப்போது பாதிப் பேருக்கு நினைவிருக்காது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அது விடுமுறை நாள். மில் மூடியிருந்தது. ஃபோர்மேன் ஐயாவுக்கு வார ஓய்வு. நிலையத்தில் நானும் வாட்ச்மேனும் மட்டும். காலை ஒன்பதுக்கு முள்ளைப் பார்த்தேன், பத்துக்குப் பார்த்தேன். பதினொன்று, பதினொன்று. தண்ணீர்த் தொட்டி பம்புகள் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகவே இருந்தது. பத்து மணி தாண்டி, என் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, பெண் குழந்தை என்று சொன்னான்.

முதல் பேத்தி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஐந்து மணிவரை ஷிஃப்ட். நான் என்ன செய்தேன்? மீட்டர் வாசிக்கிற தம்பிமாரே, உங்களில் சிலருக்குத் தெரியும், நான் சொல்வதற்கு முன்னாலேயே புரிந்திருக்கும். எப்போது பார்த்தாலும் அதே எண்தானே என்று, பதினோரு மணியிலிருந்து ஐந்து மணிவரைக்கும் ஏழு கட்டத்திலும் உட்கார்ந்த இடத்தில் எழுதினேன். பதினொன்று, பதினொன்று, பதினொன்று. ஏழு தடவை. அழகாக, வரிசையாக. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நான் கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம் தண்ணீர்த் தொட்டி நிறைந்து பம்புகள் நின்றுவிட்டன. ஊரில் ஓடுகிற மோட்டார் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு ஏணிகளும் காலித் தெருவில் நின்றன. முள் ஏறியது.

நான் பிரசவ வார்டில் இருந்தேன். மூலையில் ஒரு பல்பு. அது அவ்வளவு வெளிச்சமாக எரிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பேத்தி கண்ணைச் சுருக்கினாள். "பாருங்கடி, எம் பேத்தி வந்ததும் லைட்டு எப்படி எரியுதுன்னு" என்றேன். நர்ஸ் அம்மா சிரித்தார். நான் யார்? முள்ளைப் பார்க்கிறவள். வோல்டேஜ் ஏறினால் பல்பு எப்படி எரியும் என்று கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டவள். அந்த வெளிச்சத்துக்கு அடியில் உட்கார்ந்து, அது என் பேத்தியின் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பல்பு டப்பென்று போயிற்று. அதற்கும் சிரித்தோம்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போயிற்று. நமக்கு மின்சாரம் அனுப்பும் பெரிய நிலையத்தில் ஏதோ வேலை. நாற்பது நிமிடம் வரவில்லை. அப்போது நினைத்தேன், மூன்று மணிக் கட்டத்திலும் பதினொன்று என்று எழுதி வைத்திருக்கிறோமே என்று. ஒரு எண்தானே, போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கரண்ட் திரும்பி வந்தபோது அந்த வோல்டேஜில் ஆஸ்பத்திரியின் தடுப்பூசிக் குளிர்பெட்டி எரிந்துபோயிற்று. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இரண்டு அறை தள்ளி.

நான்கு மணிக்குத் திரும்பி வந்து முள்ளைப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி நான்கு. உடனே அவருக்குப் போன் செய்தேன். அவர் சைக்கிளில் வந்து நாலு இருபத்தைந்துக்குப் பெட்டிகளைப் பிரித்தார். அதற்குள் ஊரில் பல்புகள், ரேடியோக்கள், தடுப்பூசிப் பெட்டி எல்லாம் போய்விட்டன. நல்ல வேளை, மருந்து கெட்டதோடு நின்றது, ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். என் புத்தகத்தைப் பார்த்தார்கள். நான் திருத்தாமல் விட்டபடியே அதில் நாள் முழுக்கப் பதினொன்று. "முள்ளு கடைசிவரைக்கும் சரியா இருந்திருக்கு" என்றார் ஒருவர். "அப்ப திடீர்னு ஏறியிருக்கு. இந்த டப்பாதான் கோளாறு. இதை யாரு கேட்டு வாங்கி மாட்டினது?" எல்லோரும் ஃபோர்மேன் ஐயாவைப் பார்த்தார்கள். பிறகு அந்த அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதெல்லாம் பார்த்துத்தானே எழுதின?"

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லவா, ஆமாம் என்று சொல்லவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் அவர் பேசிவிட்டார். "சார், இந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. கேள்வியை எங்கிட்ட கேளுங்க."

கேட்டார்கள். சிவப்பு மையில் எழுதினார்கள். "தகுந்த ஆய்வின்றிக் கருவியை இணைத்து ஊருக்குச் சேதம் விளைவித்தவர்." பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஃபோர்மேனாகவே ஓய்வு பெற்றார்.

அவருக்கு எப்போது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? விசாரணைக்கு முந்தின நாளே தெரியும். வேலிக்கு வெளியே நின்று, கடைசியாக ஒருமுறை பெட்டிகள் வடிவதற்காகக் காத்திருந்தோம். "இன்னைக்குக் கேள்வி நான் கேக்கறேன்" என்றார். "பெரிய நிலையத்துப் பதிவைக் கேட்டு வாங்கினேன். ரெண்டே முக்காலுலேருந்து மூணு இருபத்தஞ்சு வரைக்கும் லைன்ல உயிரே இல்லை. நம்ம புத்தகத்துல மூணு மணிக்குப் பதினொண்ணு. கரண்டு இல்லாத நேரத்துலயும் பதினொண்ணு காட்டற முள்ளை நான் பார்த்ததில்லை அக்கா. அது எப்படி?"

நான் அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா? "அந்த வார்டு பல்பு எத்தனை மணிக்குப் போச்சு?"

"பாப்பாவுக்குப் பால் குடுத்து முடிச்ச நேரம். ஒண்ணரை இருக்கும்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "உங்களை வேலையை விட்டு அனுப்பறது மட்டும் இல்ல, மருந்து கெட்டதுக்குக் கேஸும் போடுவாங்க. ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பின்னால யாரு நிப்பா? வீட்டுல பச்சைக் குழந்தை. நீங்க பேசக் கூடாது."

"தப்பு என்னுதுதானே சார்."

"பாதிதான். ஊரு மொத்தத்தையும் ஒரே ஒரு ஆளோட கண்ணுல மாட்டி வெச்சேன், அந்த ஆளுக்கு மாத்தாளும் வெக்கலை. அது யாரு செஞ்ச ஏற்பாடு?"

அவர் செய்தது சரியா? எத்தனையோ நாள் நான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டதால் கடைசித் தெரு மூன்று வருஷம் மறுபடி இருட்டில் கிடந்தது. தச்சர் அவர்களே, உங்கள் மோட்டார் இரண்டு முறை எரிந்தது. நீங்கள் நிலையத்து வாசலில் நின்று அவரைத் திட்டினீர்கள். "குடுத்த வெளிச்சத்தை நீயே புடுங்கிட்டியே" என்றீர்கள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். நான் பத்தடி தள்ளி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் தாங்காமல் அவரிடமே கேட்டேன், நாம் செய்வது சரியா என்று. "சரியில்லைதான் அக்கா. ஆனா வேற வழி தெரியலை. தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். எனக்கும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உங்களுக்குச் செய்த அநியாயம் அது. இந்தக் கூட்டத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் அவர் அந்த மூன்று வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பழைய ரிலேக்களை, அதாவது தானே இயங்கும் சுவிட்சுகளை, பிரித்து ஒரு காவலன் செய்தார். வோல்டேஜ் பதினொன்றரையைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றால் பெட்டிகளைத் தானே பிரித்துவிடும். மறுபடி சேர்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பொறுக்கும். அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று நிரூபிக்க, புதிதாக வந்த பொறியாளர் மூன்று மாதச் சோதனைக்கு அனுமதி கொடுத்தார். பகல் ஷிஃப்டில் முள்ளைப் பார்க்க ஆள் யார்? "அக்காதான்" என்றார்.

மூன்று மாதம். தொண்ணூறு நாள், நாளைக்கு ஒன்பது. எண்ணூற்றுப் பத்துத் தடவை எழுந்து போய், முள்ளுக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்து எழுதினேன். காய்ச்சலோடும் பார்த்தேன். அவர் ஒருநாள்கூடச் சரிபார்க்க வரவில்லை. "நீங்க பார்க்கலியா சார்?" என்றேன். "நீங்கதான் பார்க்கறீங்களே" என்றார். பூட்டுத் திறந்தது. கடைசித் தெருவுக்கு வெளிச்சம் திரும்பியது. அதன் பிறகு இன்றுவரை ஒரு விடுமுறை நாளிலும் ஒரு பல்பு போகவில்லை. இன்றைக்கு வட்டாரத்தில் ஒன்பது நிலையங்களில் அந்தக் காவலன் இருக்கிறது. செய்தவர் பேர் எங்கும் இல்லை.

ஃபோர்மேன் ஐயாவின் மகளே, போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பாவின் மேசையில் கிடைத்தது என்று ஒரு தாளைக் காட்டினீர்கள். "அத்தை, இதுல தெருப் பேரா இருக்கு, மணியா இருக்கு, புள்ளியா வெச்சிருக்கு. இது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, ஒரு நகல் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது சொல்கிறேன். அந்த விபத்துக்கு அடுத்த வாரம் உங்கள் அப்பா தெருத் தெருவாகப் போனார். "உங்க வீட்டுல பல்பு எத்தனை மணிக்குப் போச்சு?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். ஊர் அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். "எரிச்சதும் நீ, கணக்கெடுக்க வர்றதும் நீயா?" என்று ஒரு அம்மா கதவைச் சாத்தினாள். அவர் அடுத்த கதவைத் தட்டினார். அறுபத்தொரு பல்பு. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. பதினொன்றரை மணிக்கு இரண்டு, பன்னிரண்டு மணிக்கு ஐந்து, ஒரு மணிக்குப் பதினொன்று, அப்படி மெல்ல மெல்ல ஏறிப் போகிறது. திடீரென்று எதுவும் நடக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. அந்தத் தாளை விசாரணை மேசையில் வைத்திருந்தால் பெட்டிகள் தப்பியிருக்கும், அவரும் தப்பியிருப்பார். நான் மாட்டியிருப்பேன். அதனால் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

எதையும் தெரிந்துகொள்ளாமல் விட முடியாத மனிதர், தெரிந்துகொண்டதைச் சொல்ல முடியாமல் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். "இனியாவது சொல்லிடட்டுமா சார்?" என்றேன். மெல்லிய குரலில், "சொல்றதா இருந்தா விவரமா சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு மணிக்கு முள்ளு எங்க இருந்துச்சுன்னு மட்டும் நமக்குத் தெரியாமலே போச்சு அக்கா. பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். எவ்வளவு தாண்டியிருக்கும்?" என்றார். படுக்கையில் கிடந்துகொண்டு அவருக்கு அதுதான் யோசனை. கைவிட்டுப் போன உயர்வு இல்லை, சிவப்பு மை இல்லை. நான் பார்க்காமல் விட்ட அந்த எண்.

அன்றைக்குப் பிறந்த பேத்தி இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கணக்கில் பட்டம் வாங்கியிருக்கிறாள், அதைச் சொல்லாமல் போக எனக்கு மனது வராது. நேற்று இந்தப் பேச்சை எழுதி அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கேட்டாள்: "பாட்டி, நான் பொறந்ததாலதான் இவ்வளவுமா?"

"நீ பொறந்ததால இல்லடி. நான் பார்க்காததால" என்றேன்.

"அப்ப அதை அப்படியே சொல்லு. சுத்தி வளைக்காத" என்றாள்.

பொறியாளர் அவர்களே, இன்று காலை என் கையெழுத்துப் போட்ட கடிதத்தை உங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். கூடவே அந்தப் புள்ளித் தாளின் நகலையும், பெரிய நிலையத்துப் பதிவின் நாளையும் நேரத்தையும் கொடுத்திருக்கிறேன். உங்கள் எழுத்தர், "இவ்வளவு காலம் கழிச்சு இதை வெச்சு என்னம்மா பண்ணச் சொல்றீங்க?" என்றார். சொல்கிறேன். மூன்று மணிக் கட்டத்தையும் அந்தப் பதிவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு வந்த மூன்று பேரும் செய்யாதது அது ஒன்றுதான். பார்த்த பிறகு, சிவப்பு மைக்குக் கீழே உண்மையை எழுதுங்கள். எனக்கு என்ன தண்டனை என்றாலும் எழுதுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. ஒன்பது நிலையத்துக் காவலன் பெட்டியிலும் அவர் பேரை எழுதுங்கள்.

மீட்டர் வாசிக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, இந்த மேடையிலிருந்து நான் உறுதி கேட்பது உங்களிடம். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போய் நாளைக்குப் பத்து மணிக்கே பன்னிரண்டு மணிக் கட்டத்தை நிரப்பினால், இங்கே நாம் பேசிய ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் இல்லை. முள் எங்கே இருக்கிறதோ அதை எழுதுவோம். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுதுவோம். வெற்றுக் கட்டம் ஒன்றும் அவமானம் இல்லை. நானும் உறுதி தருகிறேன். இந்த விஷயம் முடிகிறவரைக்கும் அந்த அலுவலகப் படியை விடமாட்டேன். பேத்தி துணைக்கு வருவாள், மனு எழுத அவளுக்கு நல்ல கை.

அம்மா, ஃபோர்மேன் ஐயாவின் மகளே, தலையை நிமிர்த்தி உட்காருங்கள். நீங்கள் பள்ளியில் படித்தபோது, "உங்கப்பாதானே ஊரை எரிச்சவரு" என்று பிள்ளைகள் கேட்டதும், நீங்கள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரியும். இப்போது உங்கள் பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கிறார்கள். இனி யாராவது அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் சொல்லிச் சிரமப்பட வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருக்கும் என் வீட்டைக் காட்டி, என்னிடம் அனுப்பிவிடச் சொல்லுங்கள். வருகிறவர்களை உட்கார வைத்து, எரித்தது யார் என்று நான் சொல்கிறேன்.

வணக்கம்.